கரைநீரும் கலநீரும்

 

கலத்தை அழிக்கும் பகை எது என்று வினவினால், புயல் என்பார் ஒருவர். பாறை என்பார் மற்றொருவர். அடிப்பலகையில் விழுந்த ஓட்டை என்பார் வேறொருவர். மூன்றும் மெய்யே. ஆயினும், புயலும் இன்றிப் பாறையும் இன்றி, அடிப்பலகையில் ஓர் ஊசித்துளையும் இன்றி, கரையிற் கட்டிய கயிறு கட்டியபடியே இருக்க, ஒரே இரவில் கலம் துறையிலேயே மூழ்கிப் போவதும் உண்டு. அதனை மூழ்கடித்தது கடல்நீர் அன்று. மாந்தர் பருகுதற்கென்று ஊரார் தூய்மை செய்து குழாய்வழி விடுத்த நன்னீர். உயிர் காக்கும் நீரே கலத்தைக் கொல்லும் நீராக மாறுவது எவ்வாறு? அதனைத் தடுக்கும் வழி யாது? இவ்வுரை அதனையே ஆராய்கின்றது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் உள்ள படகுத்துறைகளில், ஒவ்வொரு படகு நிற்கும் இடத்திற்கும் அருகே ஒரு நீர்க்குழாய் நாட்டப்பட்டிருக்கும். படகில் வாழ்வோர் ஒரு நெகிழ்குழாயால் அதனைத் தம் படகின் குழாய்களோடு இணைத்துக் கொள்வர். வீட்டில் குழாயைத் திறந்தாற்போல் படகிலும் நீர் பாயும். பார்ப்பதற்கு இது சிறு பிள்ளையும் செய்யத்தக்க வேலை. தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவதனினும் எளிது. எளிது என்னும் அவ்வெண்ணத்திலேதான் ஏதம் தொடங்குகின்றது.

கலத்தின் நீர் அளவுடையது

முதற்கண், படகின் தன் நீரமைப்பைத் தெரிந்து கொள்ளல் வேண்டும். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் இருநூறு முதல் நானூறு இலிட்டர் வரை நீர் கொள்ளும் தொட்டி ஒன்று இருக்கும். அத் தொட்டியிலிருந்து நீரை இழுத்துக் குழாய்களில் அழுத்தித் தருவது ஒரு சிறிய மின் எக்கி. அடுக்களையில் குழாயைத் திறந்தவுடன் அழுத்தம் குறையும். எக்கி தானே இயங்கத் தொடங்கும். குழாயை மூடினால் அழுத்தம் ஏறும். எக்கி தானே நிற்கும். இவ்வகை எக்கிகள் பெரும்பாலும் சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு அழுத்தத்தை ஒட்டி நின்று விடுமாறு அமைக்கப்பட்டவை. அஃதாவது ஏறத்தாழ 28 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் தன் அடியில் தரும் அழுத்தம். படகின் குழாய்களும் இணைப்புகளும் பிணைவளையங்களும் இந்த அளவைக் கருதியே பொருத்தப்படுகின்றன.

இனி, இரவில் எல்லாரும் உறங்கும்போது ஒரு பிணைவளையம் தளர்ந்து ஒரு குழாய் கழன்று விட்டது எனக் கொள்க. எக்கி இடைவிடாது ஓடும்; தொட்டி நீர் முழுதும் கலத்தின் அடிவயிற்றில் கொட்டும். முந்நூறு இலிட்டரும் தீர்ந்தபின் எக்கி வறிதே ஓடும். அதன் இரைச்சல் உறங்குவாரை எழுப்பும். விரிப்பு நனையும், ஒரு நாள் வேலை கெடும். ஆனால், கலம் மூழ்காது. ஏன்? கழன்ற நீர் புதிதாக வந்த நீர் அன்று. அது முன்னரே கலத்தின் எடைக்குள் அடங்கியிருந்தது. தொட்டியிலிருந்து அடித்தட்டிற்கு இடம் பெயர்ந்தது, அவ்வளவே. கலத்தின் மொத்த எடையில் ஒரு துளியும் கூடவில்லை.

கரைக்குழாயை இணைத்த கலத்தில் இதே பிணைவளையம் இதே இரவில் தளர்ந்தால் நடப்பதோ முற்றிலும் வேறு. அங்கே தொட்டி என்பது ஊர் முழுமைக்குமான நீர்த்தேக்கம். அது தீர்வதில்லை. எக்கி ஓடுவதில்லை; ஆகவே இரைச்சலும் இல்லை. வந்து விழும் ஒவ்வோர் இலிட்டரும் கலத்தின்மேல் ஒரு கிலோ புதுச்சுமை. கலத்தின் நீர் அளவுடையது. கரையின் நீர் அளவற்றது. இந்த ஒரு வேறுபாட்டை உள்ளத்தில் நிறுத்தினார்க்கு எஞ்சிய எல்லாம் தாமே விளங்கும்.

ஓர் எளிய கணக்கு

இதனை எண்ணால் அளந்து பார்க்கலாம். அரை அங்குல அகலமும் பதினைந்து மீட்டர் நீளமும் உள்ள நெகிழ்குழாய் ஒன்று, துறைகளில் வழக்கமாக உள்ள அழுத்தத்தில், முனை திறந்து கிடந்தால் நிமையத்திற்கு ஏறத்தாழ 30 இலிட்டர் நீரைக் கொட்டும். ஒரு மணி நேரத்திற்கு 1,800 இலிட்டர். மூன்று மணி நேரத்தில் 5,400 இலிட்டர். அஃதாவது 5,400 கிலோ. பத்து மீட்டர்ப் படகு ஒன்றின் முழு எடையே ஏறத்தாழ அவ்வளவுதான். மாலை ஏழு மணிக்குக் குழாய் கழன்றால், பத்து மணிக்குள் படகு தன் எடைக்கு எடை நீரைத் தன் வயிற்றில் ஏந்தி நிற்கும். உரிமையாளர் தம் வீட்டில் உண்டு உறங்கிக் கொண்டிருப்பார்.

மற்றுமோர் ஒப்பீடு. கலத்தின் அடிப்புறத்தில், நீர்மட்டத்திற்கு ஓரடி கீழே, அதே அரை அங்குல அகலத்தில் ஒரு துளை விழுந்தது என்க. அதன் வழியாகக் கடல்நீர் உட்புகும் அளவு நிமையத்திற்குப் பத்து முதல் இருபது இலிட்டரே. அஃதாவது, கரைக்குழாயின் திறந்த முனை, கடல் திறந்த துளையினும் மிகுதியான நீரைக் கலத்திற்குள் கொண்டு வருகின்றது. அடிப்பலகையில் அரை அங்குலத் துளை என்று கேட்டால் எந்தக் கடலோடியும் அலறி எழுவான். அதே துளையைத் தன் கையாலேயே மேல்தட்டின் வழியாகப் பொருத்தி, குழாயையும் திறந்து வைத்து, கதவைப் பூட்டிக் கொண்டு ஊருக்குச் செல்பவனும் அவனே! கடலைக் கண்டு அஞ்சுகிறவன் குழாயைக் கண்டு அஞ்சாமையே இங்குள்ள அறியாமை.

அடிவயிற்று நீரை வெளியேற்ற எக்கி உள்ளதே என்பார் உளர். உண்மை. ஆனால், மணிக்கு 2,000 இலிட்டர் என்று மேலே எழுதப்பட்ட எக்கி, நீரை உயர ஏற்றும்போதும், வளைந்த குழாய்வழி தள்ளும்போதும், மின்னழுத்தம் தளர்ந்தபோதும், அதன் பாதியளவே இறைப்பதும் உண்டு. அதற்கு உயிர் தருவதோ மின்கலம். மின்கலத்தை நிரப்பும் கரைமின் அறுந்தால், அது சில மணி நேரமே தாங்கும். ஒரு பக்கம் ஊரின் நீர்த்தேக்கம், மறுபக்கம் ஒரு சிறு மின்கலம். வெல்வது எது என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்னும் ஒன்று. கலம் எடை கூடித் தாழத் தாழ, வழக்கமாக நீர்மட்டத்திற்கு மேலே இருக்கும் வெளியேற்று வாய்கள் நீருக்குள் அமிழும். அடுக்களைத் தொட்டியின் கழிவுவாய், எக்கியின் வெளிவாய் முதலியன அவை. அவற்றின் வழியாகக் கடலும் உள்ளே நுழையத் தொடங்கும். நன்னீர் திறந்த வாயிலில் உவர்நீர் நுழைகின்றது. பின்னர் மீட்சி அரிது.

காக்கும் உறுப்புகள்

இவ்வேதத்தைத் தடுக்க நான்கு உறுப்புகள் உள்ளன. இவற்றிற்கு அயல்மொழிப் பெயர்கள் ஆயிரம் உண்டு. ஆயினும், ஏரி வெட்டி நீர் காத்த மக்களுக்கு இவ்வுறுப்புகளின் தன்மை புதிதன்று. மதகு, மடை, தூம்பு, குமிழி, கலிங்கு என்னும் சொற்களை ஆண்ட மொழியில் இவற்றை விளக்குவது எளிது. கேட்போர்க்கும் பொருள் உடனே புலனாகும்.

முதலாவது, துறைக்குழாயின் திருகு. இதுவே தலைமதகு. எத்தனை நுட்பமான உறுப்பு உள்ளே இருப்பினும், தலைமதகை மூடும் கையைவிடச் சிறந்த காவல் இல்லை. கலத்தை விட்டு வெளியேறும்போது, அரை மணி நேரத்திற்காயினும், இதனை மூட வேண்டும். இரவில் உறங்கும்போதும் மூட வேண்டும். இந்த ஒன்றைத் தவறாமல் செய்பவன் மற்ற மூன்றையும் மறந்தாலும் அவன் கலம் மிதக்கும். இதனை மறந்தவனுக்கு மற்ற மூன்றும் இருந்தும் உறுதியில்லை.

இரண்டாவது, அழுத்தத் தணிப்பி. ஊர்க்குழாய்களின் அழுத்தம் இடத்திற்கு இடம் வேறுபடும். வேளைக்கு வேளையும் வேறுபடும். பகலில் எல்லாரும் நீரெடுக்கும்போது தாழ்ந்திருந்த அழுத்தம், நள்ளிரவில் யாரும் எடுக்காதபோது ஏறும். வீடுகளிலேயே சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டுக்கு மேற்பட்டால் தணிப்பி பொருத்த வேண்டும் என்பது அமெரிக்கக் குழாய்ப்பணி நெறி. எண்பது பவுண்டு என்பது 56 மீட்டர் நீர்த்தூணின் அழுத்தம். படகின் எக்கி தரும் அழுத்தத்திற்கு இரு மடங்கு. நாற்பதைத் தாங்கப் பழகிய இணைப்பு எண்பதை எத்தனை இரவு தாங்கும்? ஆகவே, கரைநீர் கலத்திற்குள் நுழையும் வாயிலிலேயே, அதனை 35 முதல் 45 பவுண்டுக்குள் அடக்கும் தணிப்பி இருத்தல் வேண்டும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: தணிப்பி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி நீரை நிறுத்தாது. கழன்ற குழாய் தணிந்த அழுத்தத்திலும் கொட்டிக் கொண்டே இருக்கும். தணிப்பி உள்ளது என்று தலைமதகைத் திறந்து வைப்பது, கதவுக்குத் தாழ் உள்ளது என்று தாழிடாமலே உறங்குவதை ஒக்கும்.

மூன்றாவது, ஒருபோக்கு அடைப்பிதழ். நீரை ஒரு திசையில் மட்டும் விட்டு, மறுதிசையில் வந்தால் தானே அடைத்துக் கொள்ளும் இதழ் இது. படகில் இதற்கு இரண்டு இடங்கள். எக்கியின் வாயில் ஒன்று: கரைநீர் எக்கியின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து தொட்டியில் நிறையாதபடி இது தடுக்கும். இவ்விதழ் பழுதானால், நீர் அரவமின்றித் தொட்டியில் ஏறும். தொட்டி நிறைந்தபின் அதன் வளிபோக்கிக் குழாய்வழி வழியும். அக்குழாயின் வாய் கலத்தின் உள்ளேயே அமைந்த படகுகளும் உள. அங்கே எந்தக் குழாயும் உடையாமலே கலம் நிறையும். மற்றோர் இதழ் கரைநீர் நுழைவாயிலில் இருக்க வேண்டும். அதன் இன்றியமையாமை பின்னர் விளக்கப்படும்.

நான்காவது, விடுவிப்பிதழ். இதுவே நீரமைப்பின் கலிங்கு. கலிங்கு இல்லாத ஏரி நிறைந்தால் கரையை உடைத்துக் கொண்டு போகும் என்பதை உழவர் அறிவர். படகின் குழாய்களிலும் அவ்வாறே. நுழைவாயிலில் ஒருபோக்கு இதழைப் பொருத்தியவுடன் உள்ளே உள்ள நீர் அடைபட்ட நீர் ஆகின்றது. அதனை வெந்நீர்க்கலம் சூடாக்கும்போது நீர் விரியும். பத்துப் பாகைச் செல்சியசு வெப்பத்திலிருந்து அறுபது பாகைக்கு ஏறும் நீர், நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் பங்கு பருக்கின்றது. கேட்பதற்குச் சிறிதே, ஆனால், நீர் அமுங்காப் பொருள். போக்கிடம் இல்லாத அச்சிறு பெருக்கம் குழாயைப் பிளக்க வல்லது. ஆகவே மிகுந்த அழுத்தத்தை வெளியே விடும் விடுவிப்பிதழோ, விரிந்த நீரை ஏற்கும் சிறு வளித்தொட்டியோ வேண்டும்.

குளிர் நாடுகளில் இதனினும் கொடிய விரிவு ஒன்று உண்டு. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பருக்கும். அதனாலேயே அந்நாட்டுத் துறைகள் பல குளிர்காலத்தில் நீரை நிறுத்தி விடுகின்றன. படகுகளின் குழாய்களும் வடிக்கப்படுகின்றன. வடிக்கத் தவறிய குழாய் பனியில் வெடிக்கும். வெடித்த செய்தி இளவேனிலில் கரைநீரைத் திறக்கும் நாளன்றுதான் தெரியும். ஆண்டின் முதல் இணைப்பு நாளில் ஒருவர் கலத்திற்குள் நின்று ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்று பட்டறிவுடையோர் வலியுறுத்துவது இக் கரணியத்தாலேயே.

திரும்பிச் செல்லும் நீர்

இதுவரை சொல்லப்பட்டது கரையிலிருந்து கலத்திற்கு வரும் நீரின் ஏதம். கலத்திலிருந்து கரைக்குத் திரும்பும் நீரின் ஏதமோ இதனினும் பெரிது. முன்னது ஒரு கலத்தை அழிக்கும். பின்னது ஓர் ஊரையே நோயில் ஆழ்த்தும்.

நீர் என்றும் அழுத்தம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே பாயும். ஊர்க்குழாயில் அழுத்தம் மிக்கிருக்கும் வரை நீர் கலத்திற்கு வரும். எங்கோ ஒரு தெருவில் பெருங்குழாய் உடைந்தாலோ, தீயணைப்போர் மிகுந்த நீரை இழுத்தாலோ, ஊர்க்குழாயின் அழுத்தம் திடீரெனத் தாழும். அப்போது அக்குழாய் உறிஞ்சும் வாயாக மாறும். நெகிழ்குழாயின் மறுமுனை அழுக்கு வாளியில் முழுகிக் கிடந்தாலும், கழிவுத்தொட்டியை அலசும் வாயில் செருகப்பட்டிருந்தாலும், துறைநீரில் விழுந்து கிடந்தாலும், அங்குள்ள நஞ்செல்லாம் பின்னோக்கி ஏறி ஊர்க்குழாயில் கலக்கும். அடுத்த படகில் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பிடிக்கும் நீர் அதுவாகவே இருக்கும்.

இது வெறுங்கற்பனை அன்று. குடிநீரும் கழிநீரும் கலந்ததன் விளைவை வரலாறு பன்முறை எழுதி வைத்துள்ளது. 1892ஆம் ஆண்டு செருமனியின் பெருந்துறைமுகமான ஆம்பர்க்கு நகரில் வாந்திபேதிக் கொள்ளைநோய் பரவியது. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடிக்க வழங்கிய அந்நகரில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அதனையடுத்துக் கிடந்த ஆல்தொனா என்னும் ஊரோ மணலால் வடிகட்டிய நீரை வழங்கியதனால் பெரிதும் தப்பியது. ஆறு ஒன்றே, நிலம் ஒன்றே, நீர் வந்த வழி மட்டுமே வேறு. 1933ஆம் ஆண்டு, உலகக் கண்காட்சி நடந்து கொண்டிருந்த சிக்காகோ நகரில், இரண்டு பெருவிடுதிகளின் குழாயமைப்பில் கழிநீர் குடிநீரோடு கலந்ததனால் வயிற்றளைச்சல் நோய் பரவி 98 பேர் உயிரிழந்தனர். நோயுற்றவர் 1,400க்கு மேற்பட்டனர். அங்கே பகைவன் எவனும் நஞ்சிடவில்லை. குழாய் குழாயோடு தவறாக இணைந்ததே அத்தனைக்கும் கரணியம்.

மற்றொரு வரலாற்று உண்மையும் இவ்விடத்து எண்ணத்தக்கது. அமெரிக்க ஒன்றிய அரசு குடிநீரின் தூய்மைக்கு முதன்முதல் அளவு வகுத்தது 1914ஆம் ஆண்டில். அவ்வளவு ஊர்களுக்கென்று வகுக்கப்படவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொடர்வண்டிகளிலும் கலங்களிலும் பயணிகட்கு வழங்கப்படும் நீருக்கென்றே வகுக்கப்பட்டது. ஓடும் ஊர்தியில் ஏறும் நீர், ஓர் ஊரின் நோயை மற்றோர் ஊருக்குச் சுமந்து செல்லும் என்பதை அரசுகள் உணர்ந்து கொண்டதன் அடையாளம் அது. இன்று, 2007 முதல் செயற்பாட்டில் உள்ள அனைத்துநாட்டு நலவாழ்வு நெறிகளின்படி, அயல்நாட்டுச் செலவு மேற்கொள்ளும் கப்பல்கள் தூய்மைச் சான்று தாங்கிச் செல்கின்றன. கப்பல் தூய்மை பற்றிய உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு 2011இல் வெளிவந்தது. துறைக்குழாய், நெகிழ்குழாய், நிரப்புவாய், தொட்டி என்று நீர் செல்லும் வழி முழுவதையும் அது ஒரே தொடராகக் கருதுகின்றது. தொடரின் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவற்றின் தூய்மை வீணே.

திரும்பும் நீரைத் தடுக்கும் வழி மூன்று. கரைநீர் நுழைவாயிலில் ஒருபோக்கு இதழ் பொருத்துவது ஒன்று. ஒரு மணல் துணுக்கு இடையில் சிக்கினும் இதழ் முழுதும் அடையாது. ஆதலின் இரட்டை இதழ் சிறந்தது. துறைக்குழாயின் முனையில், உறிஞ்சுதல் நேர்ந்தால் வெளிவளியை உள்ளே விட்டு அவ்வுறிஞ்சுதலை முறிக்கும் வளிநுழைப்பி பொருத்துவது இரண்டாவது. மூன்றாவது, எல்லாவற்றினும் பழையதும் எல்லாவற்றினும் உறுதியானதும் ஆகிய வளியிடைவெளி. குழாயின் முனைக்கும் நிரப்பப்படும் ஏனத்தின் விளிம்புக்கும் இடையே, குழாய்வாயின் அகலத்தைப்போல் இரு மடங்கு, ஓர் அங்குலத்திற்குக் குறையாமல், வெற்றிடம் விடுவதே அது. அங்கே தேய இதழில்லை, துருப்பிடிக்கத் திருகில்லை. விழுந்த நீர் மீண்டும் எழுந்து குழாய்க்குள் தாவாது. குடத்தின் வாயில் குழாயை முழுக விடாதே என்று இல்லந்தோறும் முதியோர் சொல்லும் சொல்லும் இதுவே.

குழாயைப் பேணும் முறை

துறைக்குழாய் தூயது; கலக்குழாய் தூயது; இடையில் உள்ள நெகிழ்குழாய் அழுக்கானால் இரண்டின் தூய்மையும் கெடும். தோட்டத்திற்கென்று செய்த குழாய்கள் குடிநீருக்கு ஆகா. வெயிலில் கிடந்து சூடேறும்போது அவற்றின் நெகிழிப்பொருளும் பித்தளை முனையில் கலந்த ஈயமும் நீரில் இறங்கக் கூடும். குடிநீருக்கென்றே செய்யப்பட்ட குழாய்கள் உள. அமெரிக்காவில் அவை பெரும்பாலும் வெண்ணிறத்தவை. கழிவுத்தொட்டியை அலசும் குழாய் வேறாகவே இருக்க வேண்டும். நிறமும் வேறு, வைக்கும் இடமும் வேறு. பெருங்கப்பல்களில் நன்னீர்க் குழாய்க்கு நீலமும் கடல்நீர்க் குழாய்க்குப் பச்சையும் பூசுவது உலக வழக்கு. சிறு படகினரும் அந்நெறியைப் பின்பற்றலாம்.

குழாயின் முனை தரையில் உரசுதலும், துறைநீரில் விழுதலும் கூடா. பயன்படுத்தியபின் முழுதும் வடித்து, இரு முனைகளையும் மூடியிட்டோ ஒன்றோடொன்று திருகியோ சுருட்டி, நிழலில் வைத்தல் வேண்டும். பல நாள் குழாயில் நின்ற நீர் வெதுவெதுப்பில் நுண்ணுயிர்களை வளர்க்கும். எனவே, இணைக்குமுன் இரண்டு மூன்று நிமையம் நீரை வெளியே ஓடவிட்டு, பின்னரே கலத்தின் வாயில் பொருத்த வேண்டும்.

பொருத்தும் புரியும் கருதத்தக்கது. அமெரிக்கத் துறைக்குழாயின் முக்கால் அங்குலத் திருகில் ஓர் அங்குல நீளத்திற்குப் பதினொன்றரைப் புரி. பிரித்தானிய வழக்கின் முக்கால் அங்குலத் திருகிலோ பதினான்கு புரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றே, முதற்சுற்று ஏறும், அடுத்த சுற்றில் புரி புரியை அறுக்கும். வலிந்து திருகிய இணைப்பு சில நாள் நின்று பின் கழலும். ஆதலின், நாடு விட்டு நாடு செல்லும் படகில் இருவகைக்கும் ஏற்ற இடைப்பொருத்தி இருத்தல் வேண்டும். தீயணைக்கும் நீருக்கு மட்டும் உலக நாடுகள் ஒரே வடிவை ஒப்புக் கொண்டன. 500 டன் அளவைக்குக் குறையாத கப்பல்கள், 178 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் நான்கு திருகாணித் துளைகளும் உடைய ஒரே வகை இணைப்புத் தட்டைக் கொண்டிருக்க வேண்டும் என்பது கடலுயிர்க் காப்பு உடன்பாட்டின் நெறி. எரியும் கப்பலின் அருகே நின்று புரி பொருந்துமா என்று ஆராய வேளை இல்லை என்பதை உலகம் உணர்ந்தது. சிறுபடகினர்க்கு அத்தகைய ஒருமை இன்னும் வாய்க்கவில்லை.

செய்யும் ஒழுங்கு

இத்தனையும் கேட்டபின், கரைநீரை இணைக்கவே வேண்டாம் போலும் என்று சிலர் கருதலாம். அவ்வாறு அன்று. நெடுநாள் துறையில் தங்கி வாழ்வார்க்கு அது நல்ல ஏந்தே. ஆயினும், பட்டறிவுடைய கடலோடிகள் பலர் கையாளும் வழி ஒன்று உண்டு. கரைநீரைக் குழாய்களோடு நேரே பிணைக்காமல், மேல்தட்டின் நிரப்புவாய் வழியாகத் தொட்டியை மட்டும் நிரப்பிக் கொள்வர்; நிரப்புவாயில் குழாயை முழுகச் செருகாமல் மேலே தாங்கிப் பிடிப்பர்; நிறைந்தவுடன் துறைக்குழாயை மூடி நெகிழ்குழாயைக் கழற்றி விடுவர்; பின்னர்த் தம் எக்கியாலேயே நீரைப் பயன்கொள்வர். இதனால் கலத்தின் நீர் என்றும் அளவுடைய நீராகவே இருக்கும். திரும்பிப் பாயும் ஏதமும் இல்லை. தொட்டி நீர் தேங்காமல் புதிதாகிக் கொண்டும் இருக்கும். கிழமைக்கு ஒரு முறை இருபது நிமையம் நின்று நிரப்பும் உழைப்பு ஒன்றே இதற்கு விலை.

நேரே இணைப்பார் செய்ய வேண்டிய ஒழுங்கு இது. குழாயை அலசுக. தணிப்பியைத் துறைக்குழாயின் முனையிலேயே பொருத்துக. அப்போது நெகிழ்குழாயும் காக்கப்படும். கலத்தின் வாயில் இணைத்து, எக்கியின் மின்னை நிறுத்துக. தலைமதகை மெல்லத் திறந்து, உள்ளே சென்று ஒவ்வோர் இணைப்பையும் பார்க்க. அடித்தட்டைத் திறந்து ஈரம் உண்டா என்று தடவுக. வெளியே செல்லும்போது மூடுக. உறங்கும்போது மூடுக. மூடியபின் கலத்தினுள் ஒரு குழாயைத் திறந்து எஞ்சிய அழுத்தத்தையும் விடுவிக்க. மூடினேனா என்ற ஐயம் எழுந்தால், எத்தனை தொலைவு நடந்திருந்தாலும் திரும்பி வருக.

இவ்வொழுங்கைச் செய்பவன் யார்? வரைபடம் வரைந்த பொறியாளன் அல்லன். துறையில் நிற்கும் பணியாள். கலத்தைக் காக்கும் ஏவலாள். விடுமுறைக்கு வந்த சிறுவன். எச்சரிக்கை அவனுக்கு விளங்கும் மொழியில் இருந்தாலன்றிப் பயனில்லை. விளங்காத மொழியில் அழகாக அச்சிட்டு ஒட்டிய தாள் கலத்தைக் காவாது. "போகும்போது மூடு" என்னும் இரண்டு தமிழ்ச்சொற்கள், படிப்பவன் தமிழனாயின், காக்கும். உலகின் கப்பல்களிலும் துறைகளிலும் தமிழ்த் தொழிலாளர் உழைக்கின்றனர். அவர்கள் கையாளும் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் தாய்மொழியில் பெயரும் விளக்கமும் இருத்தல் புலவர்தம் மொழிவிருப்பம் மட்டும் அன்று, உயிர்க்காப்பு. கலிங்கு என்று சொன்னவுடன் விடுவிப்பிதழின் பயன் விளங்குகின்றதே, அந்த விளக்கம் மனப்பாடம் செய்த அயற்சொல்லால் வருவதில்லை.

அன்பர்களே! ஏரிக்கரையில் மதகைக் காக்க ஆள் வைத்த மக்கள் தமிழ் மக்கள். நிறைந்த ஏரியை இரவில் தனியே விட்டு உறங்கச் செல்லாதவன் மதகு காவலன். படகில் வாழ்வோனுக்கும் அக் கடமையே உண்டு. அவன் கைக்குள் அடங்கும் அச்சிறு திருகின் பின்னால் ஓர் ஊரின் நீர் முழுதும் நின்று கொண்டிருக்கின்றது. அதனைத் திறப்பதற்கு ஒரு கை போதும். அதனை மூடுவதற்கும் ஒரு கையே போதும். வேண்டுவது அக்கைக்குரியவன் நினைவு ஒன்றே.